அப்பாவின் இதய சிடி ஸ்கான்: நிபுணர் ஒரு கணக்கு, ஏஐ ஒரு கணக்கு. எதை எடுப்பது?

கோண்டாவில் மகள்:

வணக்கம். மருத்துவத்துறையில் இருக்கிற சிலர் இங்கே விளக்கமாக எழுதுவதைப் பார்த்திருக்கிறேன், அந்தத் துணிவில்தான் கேட்கிறேன்.

அப்பாவுக்கு 63 வயது. சீனி வருத்தம் பல வருடமாக இருக்கிறது, பிரஷருக்கும் குளிசை எடுக்கிறார். சந்தைக்கு, தோட்டத்துக்கு, கோயிலுக்கு எல்லாமே சைக்கிள்தான். கொஞ்ச நாளாக எதிர்க்காற்றில் மிதித்தால் நெஞ்சின் நடுவில் இறுக்கிப் பிடிக்கிற மாதிரி வருகிறதாம், இறங்கி நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடுகிறதாம். இதையும் அவராக வாய் திறந்து சொல்லவில்லை. வழியில் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பக்கத்து வீட்டு மாமி கண்டு அம்மாவிடம் சொல்லித்தான் வெளியே வந்தது. அதுவரைக்கும் வாய்வு என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

இசிஜி எடுத்தோம், பிழை ஒன்றும் இல்லை என்றார்கள். நடக்கவிட்டுப் பார்க்கிற பரிசோதனையில் முழங்கால் நோவால் அவரால் கடைசிவரை நடக்க ஏலவில்லை, அதனால் முடிவு சொல்ல முடியாது என்று எழுதிவிட்டார்கள். பிறகு கொழும்பில் ஒரு தனியார் இடத்தில் இதய நாடிகளைப் படம் எடுக்கிற சிடி அஞ்சியோகிராம் செய்தோம். கதிரியக்க நிபுணர் இதயத்தின் முன்பக்கத்துக்கு இரத்தம் கொடுக்கிற இடது முன் இறங்கு நாடியில் 50 முதல் 69 வீதம் சுருக்கம், கேட்-ராட்ஸ் (சுருக்கத்தைத் தரம் பிரிக்கிற அளவு) 3 என்று எழுதியிருக்கிறார். அதோடு நிறம் நிறமாகப் படம் போட்ட இன்னொரு பக்கமும் தந்தார்கள், அது ஏஐ மென்பொருள் தயாரித்ததாம். அதில் அதே நாடியில் அதே இடத்தில் 44 வீதம் என்று இருக்கிறது.

இப்போது வீட்டில் மூன்று கட்சி. அப்பா 44ஐப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "அம்பதே இல்லை, கொம்பியூட்டர் பொய் சொல்லுமோ?" என்று கேட்டு, கொலஸ்ட்ரோல் குளிசையையும் அஸ்பிரினையும் தொடவே மாட்டேன் என்கிறார். கனடாவில் இருக்கிற அண்ணா ரிப்போட்டைப் படம் பிடித்து ஒரு சாட்பொட்டில் போட்டிருக்கிறார், அது ஸ்டென்ட் (நாடியை விரித்து வைக்கிற வலைக் குழாய்) வைக்க வேண்டி வரலாம், உடனே நாடிக்குள் மெல்லிய குழாய் விட்டுப் பார்க்கிற கதீற்றர் அஞ்சியோகிராம் செய்யுங்கள் என்று சொன்னதாம். அண்ணா இரவு பகலாக ஃபோன் எடுத்து அதையே சொல்கிறார், இசிஜி எடுக்கிற கைக்கடிகாரம் ஒன்றும் ஆள்வசம் அனுப்பியிருக்கிறார். அம்மா இரண்டு பக்கமும் கேட்டு அழுகிறா.

பெரியாஸ்பத்திரி இருதயக் கிளினிக் அடுத்த கிழமை. அதற்கு முன்னம் எனக்கு ஒரு தெளிவு வேண்டும். நிபுணரா, ஏஐயா, எது சரி? 44 என்றால் குளிசை தேவையில்லையா? உண்மையில் கதீற்றர் அஞ்சியோகிராம் வரை போக வேண்டுமா?


சிடி அறைக்காரன்:

நான் ரேடியோகிராபர், இதய சிடி எடுக்கிற இடத்தில்தான் வேலை. ரிப்போட் எழுதுவது கதிரியக்க நிபுணர், நான் இல்லை. ஆனால் படம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் அந்த இரண்டு இலக்கமும் ஏன் வேறு வேறாக இருக்கின்றன என்பது விளங்கும், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாடியின் அகலம் 3 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 44 வீதம் சுருங்கினால் மிச்சம் 1.68 மில்லிமீற்றர். 50 வீதம் சுருங்கினால் 1.5. இரண்டுக்கும் இடையில் 0.18 மில்லிமீற்றர்தான். நாங்கள் பாவிக்கிற சிடி இயந்திரங்கள் பிரித்துக் காட்டக்கூடிய ஆகச் சிறிய அளவே கிட்டத்தட்ட அரை மில்லிமீற்றர். அப்படியென்றால் உங்கள் வீட்டில் மூன்று கட்சி பிரிந்து சண்டை போடுகிற அந்த வித்தியாசம் படத்தில் ஒரு புள்ளிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. நிபுணர் 50 முதல் 69 என்று ஒரு வரம்பாக எழுதுவது இதனால்தான். மென்பொருள் 44 என்று ஒற்றை இலக்கத்தைத் தருவதால் அது ஏதோ துல்லியமாக அளந்துவிட்டது என்று ஆட்களுக்குத் தோன்றுகிறது. இரண்டும் ஒரே படத்தில் இருந்து வந்தவை, படத்தில் இல்லாத நுணுக்கத்தை எவராலும் எடுத்துத் தர ஏலாது.

அடுத்தது, இதயம் நிற்காமல் அடிக்கிற உறுப்பு. துடிப்பு நிமிடத்துக்கு 60 அளவில் இருந்தால்தான் படம் வடிவாக விழும். அதற்காகத்தான் துடிப்பைக் குறைக்கிற மெற்றோபுரோலோல் தந்து காத்திருக்க வைக்கிறோம், நாடி விரிய நாக்குக்கு அடியில் மருந்து தருகிறோம். பிறகு கையில் அயடீன் கலந்த மருந்து ஏறும்போது உடம்பு முழுக்க ஒரு சூடு ஓடும், சலம் போய்விட்டதோ என்றுகூட ஆட்களுக்குத் தோன்றும். எவ்வளவு சொல்லி வைத்தாலும் அந்த நேரம் சிலர் திடுக்கிட்டு, பிடித்த மூச்சை விட்டுவிடுவார்கள். அப்போது படத்தில் நாடி படி படியாக முறிந்த மாதிரித் தெரியும். மென்பொருள் அந்த முறிவையும் அளந்து ஒரு இலக்கம் போட்டுவிடக்கூடும், மனிதக் கண் அதைக் கண்டவுடன் இது மூச்சு விட்ட இடம் என்று தள்ளிவிடும்.

மற்றது கல்சியம். சீனி வருத்தம் உள்ளவர்களின் நாடிச் சுவரில் கல்சியம் படிந்திருப்பது அதிகம். சிடியில் கல்சியம் வெள்ளையாகப் பூத்து, இருக்கிற அளவைவிடப் பெரிதாகத் தெரியும், அதனால் பார்க்கிற கண்ணுக்குச் சுருக்கம் கூடுதலாகத் தோன்றும். நல்ல மென்பொருட்கள் அந்தப் பூப்பைக் கழித்துக் கணக்குப் போடப் பார்க்கின்றன. சில வேளை அது சரியாக வரும், சில வேளை கழிக்கக்கூடாததையும் கழித்துவிடும். ரிப்போட்டில் கல்சியம் ஸ்கோர் என்று ஒன்று இருக்கும், அகட்ஸ்டன் என்று போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். பூச்சியம் என்றால் கல்சியம் இல்லை, 400க்கு மேலே என்றால் நிறையப் படிந்திருக்கிறது, அப்படி இருந்தால் இந்த இரண்டு இலக்கத்தில் எதையும் இறுக்கிப் பிடிக்காதீர்கள். படத்தின் தரம் எப்படி என்றும் ஒரு வரி எழுதியிருப்பார்கள்.

கிளினிக்குப் போகும்போது கடதாசியை மட்டும் கொண்டு போகாமல் ஸ்கான் எடுத்த இடத்தில் படங்கள் பதிந்த தட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். படத்தை முழுதாகப் பார்த்தால்தான் அங்கே யாரும் சரியாகச் சொல்ல முடியும்.


இருதயப் பிரிவு டொக்டர்:

தங்கச்சி, நேரில் பார்க்காமல் உங்கள் அப்பாவுக்கு இதைச் செய்யுங்கள் என்று நான் சொல்லக்கூடாது. ஆனால் நீங்கள் எழுதியதிலேயே மிக முக்கியமான விஷயம் ரிப்போட்டில் இல்லை. எதிர்க்காற்றில் மிதித்தால் இறுக்கம் வருகிறது, நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் போகிறது. இதயத் தசைக்கு இரத்தம் போதாமல் வருகிற நெஞ்சு நோ பாடப்புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே இருக்கிறது. இசிஜி சரியாக இருந்தது என்பதும் ஆறுதல் இல்லை, சும்மா படுத்திருக்கும்போது எடுத்த இசிஜி இப்படிப்பட்ட பலருக்குச் சரியாகத்தான் இருக்கும்.

முதலில் குளிசை, ஏனென்றால் இதில்தான் அவசரம். 44 என்றாலும் 60 என்றாலும் கொலஸ்ட்ரோல் குளிசை தேவை. இதயத்துக்கு இரத்தம் கொடுக்கிற முடியுரு நாடிச் சுவரில் கொழுப்புப் படிவு இருக்கிறது என்று இரண்டு ரிப்போட்டும் ஒத்துக்கொள்கின்றன, அதோடு அவருக்குச் சீனி, பிரஷர். மாரடைப்பு வருவது பெரிய அடைப்பு மெல்ல மெல்ல மூடுவதால் மட்டும் இல்லை. பாதிகூடச் சுருங்காத ஒரு படிவின் மேற்தோல் வெடித்து, அதன் மேல் இரத்தம் உறைந்து, நிமிடக் கணக்கில் நாடி மூடிவிடுவதும் உண்டு. அந்த வெடிப்பைக் குறைக்கத்தான் ஸ்டாட்டின் என்கிற இந்தக் கொலஸ்ட்ரோல் குளிசை. ஸ்கொட்லாந்தில் 4146 பேரை வைத்துச் செய்த ஸ்கொட்-ஹார்ட் ஆய்வின் ஐந்து வருட முடிவு 2018இல் வந்தது. நெஞ்சு நோவோடு வந்தவர்களுக்கு வழமையான பரிசோதனையோடு சிடி அஞ்சியோகிராமும் செய்தபோது, இதய நோயால் இறந்தவர்களும் மாரடைப்பு வந்தவர்களும் சேர்த்து 2.3 வீதம், அது செய்யாதவர்களில் 3.9 வீதம். ஐந்து வருட முடிவில் ஸ்டென்ட், பைபாஸ் செய்த அளவு இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். படத்தைப் பார்த்து யாருக்குப் படிவு இருக்கிறது என்று கண்டு, அவர்களுக்குச் சரியான குளிசையைத் தொடங்கியதுதான் பெரிய வித்தியாசம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். அப்பா அதே சிடியைச் செய்துவிட்டு, அதனால் கிடைக்கிற பலனான குளிசையைத் தொடமாட்டேன் என்கிறார். இதை அவருக்கு இப்படியே சொல்லுங்கள்.

இனி எந்த இலக்கம் சரி என்பது. இரண்டு இலக்கமுமே நாடி எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்பதைத்தான் சொல்கின்றன. வாய்க்காலில் மண் சரிந்து கிடப்பதைக் கண்ணால் பார்ப்பது வேறு, கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேருகிறதா என்பது வேறு. 90 வீதம் என்றால் கேள்வி இல்லை, 20 வீதம் என்றாலும் பெரும்பாலும் கேள்வி இல்லை. இந்த 40 முதல் 70 வரைக்கும் உள்ள இடம்தான் தொல்லை, இங்கே படத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. கதீற்றர் விட்டு, மெல்லிய கம்பி ஒன்றை நாடிக்குள் அனுப்பி, சுருக்கத்துக்கு முன்னால் உள்ள அழுத்தத்தையும் பின்னால் உள்ள அழுத்தத்தையும் அளந்து பார்க்கலாம். அந்த விகிதம் 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால் இரத்தம் போதவில்லை என்று எடுப்போம். இதயத்தைக் கூடுதலாக வேலை செய்ய வைத்துப் பார்க்கிற பரிசோதனைகள் வேறும் இருக்கின்றன, முழங்கால் ஏலாதவர்களுக்கு மருந்து கொடுத்து இதயத்தை வேகமாக அடிக்க வைத்து எக்கோ பார்க்கலாம். கேட்-ராட்ஸ் 3 என்று எழுதினால் அதன் அர்த்தமே, அடுத்து இப்படி ஒன்று தேவைப்படலாம், யோசியுங்கள் என்பதுதான்.

அண்ணா சொல்கிற மாதிரி உடனே ஸ்டென்ட் என்று ஓடவும் தேவையில்லை. 2020இல் வந்த இஸ்கீமியா ஆய்வில் 5179 பேர். நிலையான இதய நாடி நோய் உள்ளவர்களில், முதலிலேயே கதீற்றர் செய்து ஸ்டென்டோ பைபாஸோ செய்தவர்களுக்கும், நல்ல மருந்தோடு இருந்து தேவைப்பட்டால் மட்டும் செய்தவர்களுக்கும் இறப்பிலும் மாரடைப்பிலும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் வரவில்லை. அடிக்கடி நோ வருகிறவர்களுக்கு மட்டும் ஸ்டென்ட் நோவை நன்றாகக் குறைத்தது. ஆனால் இடது பிரதான நாடியில் கடுமையான சுருக்கம் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை, அதனால் உங்கள் ரிப்போட்டில் இடது பிரதான நாடி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள்.

கடிகாரம் பற்றி ஒன்று. அந்த வகைக் கடிகாரங்களில் உள்ள இசிஜி துடிப்பு ஒழுங்கில்லாமல் இருப்பதைக் கண்டுபிடிக்கத்தான். ஆப்பிள் நிறுவனமே தங்கள் கடிகாரம் மாரடைப்பைக் கண்டுபிடிக்காது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. நெஞ்சு நோ வரும்போது கடிகாரத்தில் சரி என்று காட்டுகிறது, இருக்கட்டும் பார்ப்போம் என்று அப்பா இருந்துவிடக்கூடாது. சும்மா இருக்கும்போது நோ வந்தாலும், முந்தியதைவிடக் குறைந்த வேலைக்கே வந்தாலும், கால் மணித்தியாலம் தாண்டியும் விடாவிட்டாலும், வியர்த்து, தாடைக்கோ கைக்கோ ஏறினாலும், கிளினிக் திகதி வரட்டும் என்று நிற்க வேண்டாம். 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும். சீனி வருத்தக்காரருக்கு நோவே இல்லாமல் திடீரென்று இளைப்பு மட்டும் வரலாம், அதையும் அம்மாவுக்குச் சொல்லி வையுங்கள்.


அறிவியல் நகர் பெடியன்:

டொக்டர் சொன்னதற்கு மேல் மருத்துவம் நான் சொல்லப் போவதில்லை. கிளிநொச்சியில் யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படித்தேன், இப்போது மருத்துவப் படங்களில் ஏஐ வேலைதான் செய்கிறேன். அக்கா, உங்கள் வீட்டில் ஏஐ என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு சாமான்கள் இருக்கின்றன, அவற்றைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

ஒன்று ரிப்போட்டோடு வந்த மென்பொருள். அது செய்வது அளவெடுக்கிற வேலை. சிடியில் நாடியின் நடுக்கோட்டைத் தேடிப் பிடித்து, அதன் வழியே வெட்டு வெட்டாகப் போய், ஒவ்வொரு வெட்டிலும் உள்ளே இரத்தம் ஓடுகிற எல்லையையும் வெளிச் சுவரின் எல்லையையும் கோடு போடும். இரண்டுக்கும் இடையில் இருப்பது படிவு. அது கல்சியமா, இறுகினதா, கொழகொழ என்று கொழுப்பு நிறைந்ததா என்பதை சிடியின் அடர்த்தி அலகை வைத்துப் பிரிக்கும். ஆட்கள் இதைக் கையால் செய்தால் ஒரு நோயாளிக்கு அரை மணித்தியாலம் அளவில் போய்விடும். 2022இல் லான்செட் டிஜிட்டல் ஹெல்த்தில் வந்த ஆய்வொன்றில் நிபுணர்களுக்கு ஏறத்தாழ 25 நிமிடம் எடுத்த வேலையை ஆழ்கற்றல் என்ற ஏஐ முறை 6 விநாடிக்குள் செய்தது, அளவுகளும் நன்றாக ஒத்துப் போயின. நான் இந்தத் துறைக்கு வந்ததே இந்தப் படிவு அளவீட்டுக்காகத்தான், சுருக்க வீதத்துக்காக இல்லை. ஸ்கொட்-ஹார்ட் ஆய்வின் படங்களையே பிறகு எடுத்து அளந்து, 2020இல் ஒன்று வெளியிட்டார்கள். அடர்த்தி குறைந்த, கொழுப்பு நிறைந்த படிவு நாடியின் கனவளவில் 4 வீதத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு மாரடைப்பு வர ஏறத்தாழ ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது. அதனால் அந்த நிறப் பக்கத்தில் அப்பா 44ஐ மட்டும் பார்க்காமல், படிவின் மொத்த அளவு, அதில் எவ்வளவு கொழுப்புப் படிவு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டொக்டரிடம் காட்டுங்கள்.

ஏஐயும் இயற்பியலும் சேர்ந்த இன்னொரு வகையும் இருக்கிறது. டொக்டர் சொன்ன 0.80 கணக்கைக் கம்பி விடாமல், சிடிப் படத்தில் இருந்தே இரத்த ஓட்டத்தைக் கணித்துச் சொல்வது. ஹார்ட்ஃப்ளோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் முறைக்கு 2014இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. உங்களுடைய பக்கத்தில் அப்படி விகிதம் ஒன்றும் இல்லையென்றால் அது வெறும் சுருக்கக் கணக்குத்தான்.

இரண்டாவது சாட்பொட். அண்ணா போட்டது ரிப்போட்டின் படம், சிடியின் படம் இல்லை. அது அப்பாவின் நாடியைக் காணவே இல்லை. எழுத்தை வாசித்து, இப்படிப்பட்ட எழுத்துக்கு வழமையாக என்ன சொல்லப்படுகிறதோ அதைச் சொன்னது. மருத்துவச் சொற்களை விளங்கிக்கொள்ள, கிளினிக்கில் என்ன கேட்கலாம் என்று ஆயத்தப்படுத்த அது நல்லது, நானும் பாவிக்கிறேன். முடிவெடுக்க அது போதாது. அதோடு பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் தெரிய ரிப்போட்டை அப்படியே போடாதீர்கள். மூன்றாவது கடிகாரம், அதை டொக்டர் சொல்லிவிட்டார்.

எனக்கு உண்மையில் கவலை தருகிற விஷயம் வேறு. இந்த ஏஐ மொடல்கள் எந்த ஆட்களின் படங்களில் பழகியவை? 2018இல் வந்த ஆய்வொன்று என் மனதை விட்டுப் போவதே இல்லை. நெஞ்சு எக்ஸ்ரேயில் நியுமோனியா பார்க்கப் பழக்கிய ஏஐ மொடல் ஒன்று, பழகிய ஆஸ்பத்திரியில் நன்றாகச் செய்தது, வேறு ஆஸ்பத்திரியின் படங்களில் தடுமாறியது. எக்ஸ்ரே எந்த ஆஸ்பத்திரியில் எடுத்தது என்பதையே அது படத்தில் இருந்து கண்டுபிடிக்கப் பழகியிருந்தது. நோய் கூடுதலாக உள்ள ஆஸ்பத்திரி எது என்று தெரிந்துவிட்டால் நோயைப் பார்க்காமலே பாதிக்கு மேல் சரியாகச் சொல்லிவிடலாம்தானே. இதய சிடியிலும் இந்த ஆபத்து இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு வருத்தம் வருகிற வயதே வேறு. இலங்கையும் சேர்ந்திருந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வந்த நடு வயது 53, மற்ற நாட்டவர்களுக்கு ஏறத்தாழ 59. அப்படியான எங்கள் நாடிகள் இந்த மென்பொருட்களின் பயிற்சிப் படங்களில் எவ்வளவு இருக்கின்றன என்று விற்கிறவர்களிடம் நாங்கள் கேட்க வேண்டும். வடக்கில் எடுக்கிற சிடிகளை, நோயாளியின் சம்மதத்தோடு, பெயரை நீக்கிச் சேர்த்து, இங்கேயே ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை நடக்க வேண்டும். எனக்கு அதில் பெரிய ஆசை இருக்கிறது.


ஸ்காபரோ தம்பி:

எல்லாரும் ஏஐக்கு எதிராகவே கதைக்கிற மாதிரி இருக்கிறது. ஒரு நிபுணர் நாள் முழுக்கப் படம் பார்த்துக் களைத்துப் போய்ப் பின்னேரம் பார்க்கிற ரிப்போட்டும் இருக்கிறதுதானே. ஒரே படத்தை இரண்டு நிபுணர்களுக்குக் கொடுத்தால் அவர்களும் வேறு வேறாகத்தான் சொல்வார்கள். ஏஐ களைக்காது, காலையும் மாலையும் ஒரே மாதிரிச் சொல்லும். அப்பா 44ஐ நம்புவதில் என்ன பிழை?


சிடி அறைக்காரன்:

தம்பி, எதிர்ப்பு இல்லை. எங்கள் இடத்தில் பின்னேரம் படங்கள் குவியும்போது, இதை முதலில் பாருங்கள் என்று மென்பொருள் முன்னுக்குத் தள்ளிவிடுவதால் அவசரமான ஆள் காத்திருக்காமல் தப்புவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். நிபுணருக்கு நிபுணர் வேறுபடும் என்பதும் உண்மை. ஆனால் ஒரே மாதிரிச் சொல்வது வேறு, சரியாகச் சொல்வது வேறு. மூச்சு விட்ட படத்தைக் கொடுத்தால் காலையும் மாலையும் அதே பிழையான இலக்கத்தைத் தரும். 44 பிழை என்று இங்கே யாரும் சொல்லவில்லை. 44 என்பதால் வருத்தம் இல்லை என்று அப்பா எடுத்துக்கொண்டதுதான் பிழை. அந்த மென்பொருளே அப்படிச் சொல்லவில்லை, பக்கத்தின் அடியில் இது வைத்தியரின் முடிவுக்கு உதவியாக மட்டும் என்ற மாதிரி ஏதாவது இருக்கும், பாருங்கள்.


உரும்பிராய் அக்கா:

மருத்துவம் எனக்குத் தெரியாது பிள்ளை, ஆனால் இப்படி ஆட்களைத் தெரியும். என்னுடைய மச்சானுக்கும் இப்படித்தான், சின்ன அடைப்பு, மருந்தில் கட்டுப்படுத்தலாம் என்று சொல்லிவிட்டார்கள். "சின்ன" என்றது மட்டும் அவருடைய காதில் விழுந்தது, "மருந்தில்" என்றது விழவில்லை. கொஞ்சக் காலம் குளிசை போட்டார், பிறகு கை கால் உளைவு என்று சொல்லிப் பெட்டியோடு அலுமாரிக்குள் வைத்துவிட்டார், யாருக்கும் சொல்லவில்லை. ஒரு நாள் விடிய வேலிக்குக் கதியால் போட்டுக்கொண்டு நின்றவர் அப்படியே இருந்துவிட்டார், மாரடைப்பு. நல்ல காலம் பக்கத்தில் ஆள் இருந்தது, கெதியாகக் கொண்டு போனதால் தப்பினார், ஆனால் பழைய மாதிரி வேலை செய்ய இப்போது ஏலாது.

அப்பாவோடு வாதாடாதீர்கள். எங்கள் வீட்டு ஆண்கள் மகள் சொன்னால் கேட்கமாட்டார்கள், கிளினிக்கில் வெள்ளைக் கோட்டுப் போட்டவர் ஒரு வரி சொன்னால் கேட்பார்கள். நீங்களும் கட்டாயம் கூடப் போங்கள், வெளியே வாங்கில் இருக்காமல் உள்ளே போய் நில்லுங்கள், சைக்கிள் மிதிக்கும்போது வருகிறதை நீங்களே சொல்லுங்கள். அவரைக் கேட்டால் "ஒண்டுமில்லை டொக்டர், இப்ப சுகம்" என்றுதான் சொல்லுவார். குளிசை போட்டு உளைவு வந்தால் நிற்பாட்டாமல் டொக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், வேறு குளிசை மாற்றித் தருவார்கள். அண்ணாவுக்கும் ஒரு வேலை கொடுங்கள், தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு ஒன்றும் செய்ய முடியாத தவிப்புத்தான் அப்படி ஃபோன் அடிக்க வைக்கிறது. ரிப்போட்டில் உள்ளதை எல்லாம் தமிழில் எழுதி அம்மாவுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.


கோண்டாவில் மகள்:

எல்லாருக்கும் மிகவும் நன்றி. வாசித்துக்கொண்டே ரிப்போட்டை எடுத்துப் பார்த்தேன். கல்சியம் ஸ்கோர் 400ஐத் தாண்டித்தான் இருக்கிறது. படத்தின் தரம் நடுத்தரம் என்று போட்டிருக்கிறார்கள். இடது பிரதான நாடியில் குறிப்பிடத்தக்க சுருக்கம் இல்லை என்று இருக்கிறது, அதை வாசித்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. நிறப் பக்கத்தில் படிவின் மொத்த அளவு இருக்கிறது, இரத்த ஓட்ட விகிதம் ஒன்றும் இல்லை. படங்கள் பதிந்த தட்டு அனுப்பச் சொல்லிக் கேட்டுவிட்டேன்.

சிடி அறைக்காரர் அண்ணை போட்ட 0.18 மில்லிமீற்றர் கணக்கை அப்பாவுக்குச் சொன்னேன். அவர் மேசன் வேலை செய்தவர், அளவு என்றால் அவருக்கு விளங்கும். அடிமட்டத்தை எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, ஆனால் இரவு குளிசையைப் போட்டார்.

டொக்டர், ஒரு கேள்வி மட்டும் மிச்சம். அப்பா சீனிக்கு மெட்ஃபோமின் எடுக்கிறார். கதீற்றர் அஞ்சியோகிராம் செய்ய வேண்டி வந்தால் மறுபடியும் அந்த அயடீன் மருந்து போடுவார்கள்தானே, சிறுநீரகத்துக்குப் பிரச்சினை வருமா? இப்போதே மெட்ஃபோமினை நிறுத்த வேண்டுமா?


இருதயப் பிரிவு டொக்டர்:

இப்போது நிறுத்த வேண்டாம். நீங்களாக எந்தக் குளிசையையும் நிறுத்தாதீர்கள், சீனி ஏறினால் அது இன்னொரு தலையிடி. சிடிக்கு முன்னர் கிரியாற்றினின் என்று ஒரு இரத்தப் பரிசோதனை செய்திருப்பார்கள், அந்தத் துண்டைத் தேடி எடுத்து வையுங்கள். சிடி செய்ததற்குப் பிறகு இன்னும் பார்க்கவில்லை என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள், மறுபடி பார்ப்பார்கள். சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் பிரச்சினை வருவதில்லை. குறைவாக இருந்தால் மெட்ஃபோமினை அந்த நாளில் நிறுத்தி, 48 மணித்தியாலத்துக்குப் பிறகு கிரியாற்றினினைப் பார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்வோம், அயடீன் மருந்தின் அளவையும் குறைத்துப் பாவிப்போம்.

கதீற்றர் செய்வதென்றால் யாழ்ப்பாணத்திலேயே செய்யலாம், போதனா வைத்தியசாலையில் அதற்கான பிரிவு இருக்கிறது. இப்போது பெரும்பாலும் மணிக்கட்டு வழியாகத்தான் செய்கிறோம், அதைக் கேட்டால் அப்பாவுக்குப் பயம் பாதி குறையும். கல்சியம் 400க்கு மேல், படம் நடுத்தரம், நோ இப்படி என்று இருப்பதால், இரத்தம் போதுகிறதா என்று பார்க்கிற ஏதாவது ஒரு பரிசோதனைக்குத்தான் அவர்கள் போவார்கள் என்று நினைக்கிறேன், எது என்று அவரைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பார்கள். கிளினிக் வரைக்கும் எதிர்க்காற்றில் சைக்கிள் வேண்டாம். நெஞ்சு நோவுக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற குளிசை தந்திருந்தால் சட்டைப் பையில் இருக்கட்டும், இருந்துகொண்டு வைக்கச் சொல்லுங்கள், நின்றபடி வைத்தால் தலை சுற்றி விழுந்துவிடுவார். தட்டு, இரண்டு ரிப்போட், கிரியாற்றினின் துண்டு, இப்போது எடுக்கிற குளிசைகள் பெட்டியோடு, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு விடிய வெள்ளனவே வாருங்கள், இலக்கம் கெதியாக முடிந்துவிடும்.